இரண்டும் வெள்ளை மாத்திரை

செவ்வாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

மணிக்கட்டில் கன்றிப்போன விரல் தடங்களைப் பார்த்து டாக்டர் கேட்டபோது, அண்ணன் முறுக்கியது என்று நான் சொல்லவில்லை. பஸ் கம்பி என்றேன். அவன் மூக்கில் கைக்குட்டையோடு பக்கத்தில் நின்றான்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எனக்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு; அதற்குத்தான் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவே கூடாது. நான்கு நாளாக அண்ணன் என் டப்பாவிலிருந்து அதை எடுத்துவிட்டு அரிப்பு மாத்திரையை வைத்திருக்கிறான். இரண்டும் சின்ன வெள்ளை. இன்று காலில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் அவனிடம் கேட்டேன்.

"அந்தப் புள்ளி வெறும் அலர்ஜிடி. ஸ்டீராய்டு போட்டவன் கதிய எங்க ஜிம்ல பாத்துருக்கேன். உன் மூஞ்சியப் பாரு, ஊதிப்போயி பூசணிக்கா! ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க."

டப்பாவைப் பிடுங்கினேன். கையை முறுக்கினான். எவர்சில்வர் சொம்பால் அவன் மூக்கில் அடித்தேன். ஒன்று போதும், இரண்டாவதும் அடித்தேன். ஸ்டீராய்டு கோபத்தைக் கிளப்பும் என்பார்கள். நான்கு நாளாக உடம்பில் ஸ்டீராய்டே இல்லை.

பைக்கில் அவன்தான் கூட்டி வந்தான். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வருவதற்குள் அவனுக்கு ரத்தம் நின்றுவிட்டது. எனக்கு இங்கே ஊசி குத்திய இடத்தில் இன்னும் நிற்கவில்லை.