எனக்கு விழுந்த எழுபத்து நாலு ஓட்டு

ஆலங்குடி,
1960 ஆவணி, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி நாகராசுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். பஞ்சாயத்துத் தேர்தலில் நம் வார்டில் அரவை மில் திருப்பதி ஜெயித்துவிட்டார். தேர்தல் அதிகாரி போன சனிக்கிழமை அலுவலகக் கதவில் ஒட்டிய தாளை இன்று காலை கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு வந்து எழுதுகிறேன், அதனால் ஊரிலிருந்து வேறு யாரும் வேறு மாதிரி எழுதினால் நம்பாதே. திருப்பதிக்கு நூற்றுப் பதினெட்டு, உனக்குப் பாடம் சொன்ன சூசைராஜ் வாத்தியாருக்கு நூற்றுப் பதினொன்று, உன் அப்பாவுக்கு எழுபத்து நாலு. ஆமாம், நானும் நின்றேன். ஜெயித்த பிறகு உனக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நடந்தது இதுதான். தேர்தல் அறிவிப்பு வந்த வாரம் மலையாண்டி அம்பலம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஊரு ஒலகத்துச் சேதியெல்லாம் பேப்பர்ல எழுதுற ஆளு, நம்ம வார்டுக்கு ஒங்கள விட்டா யாருங்க என்றார். நான் எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி, திருப்பிக் கொடுப்பது கொண்டுவந்தவர் முகத்தில் அடிப்பது என்று உனக்குத் தெரியும். மலையாண்டி திருப்பதிக்குச் சம்பந்தி என்பதும் எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தானே நான். முப்பது வருஷமாக யார் யாரை எதற்காக நிறுத்துகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்துப் பத்திரிகைக்கு எழுதியவன், என் வீட்டு வாசலுக்கு வந்த தட்டை மட்டும் விசாரிக்கவில்லை.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. மனுவைத் திரும்ப வாங்கும் கடைசி நாள் வாத்தியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். அண்ணே, ஒங்களுக்குப் போடுறவனும் எனக்குப் போடுறவனும் ஒரே ஆளுதான், ரெண்டு பேரும் நின்னா திருப்பதி நோகாம நடந்து போயிருவாரு, நீங்க விலக முடியாதுன்னா சொல்லுங்க, நான் விலகிக்கிறேன் என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும். வெற்றிலை கிடக்கட்டும் என்று நான் விலகியிருக்க வேண்டும், அதற்கு மனசில்லையென்றால் அவரையாவது விலக விட்டிருக்க வேண்டும். நானோ, மக்கள் தீர்ப்புச் சொல்லட்டும் வாத்தியாரே, யாரும் யாருக்காகவும் விலகக் கூடாது என்று மேடையில் பேசுகிற மாதிரி பேசி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நேற்று நான் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, மில்லுல போயி கேளுங்க, இனிமே தண்ணி அங்கதான் என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நம் வார்டுக்கு ஒரு கிணறு அனுமதியாகியிருக்கிறது. கீழத்தெருப் பெண்கள் கோடையில் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புவது நீ பார்த்ததுதான், அவர்கள் தெருமுனையில் வெட்ட வேண்டும் என்பதற்காகத்தான் வாத்தியார் நின்றார். திருப்பதி மில்லுக்குப் பின்னால் வெட்டச் சொல்கிறார். யார் வேணும்னாலும் வந்து எடுத்துக்கிரட்டும், நான் வேணாம்னா சொல்லப்போறேன் என்கிறார். மில் கேட்டுக்குப் பூட்டு உண்டு, சாவி அவர் இடுப்பில்.

எண்ணிக்கை முடிந்த மறுநாள் கீழத்தெருவுக்குப் போனேன். நான் நிற்காமல் இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். ஒன்றிரண்டு பேர் திருப்பதி என்றார்கள், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. மற்ற எல்லாரும் வாத்தியார்தான். ராக்காயி சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்க நின்னீங்கன்னு மொகத்துக்காகப் போட்டேன் அண்ணே, தேற மாட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா வாத்தியாருக்குல்ல போட்டிருப்பேன், அத நின்ன நீங்கதானே சொல்லியிருக்கணும் என்றாள். வார்டில் பாதிக்கு மேல் வேண்டாம் என்று சொன்ன ஆள் ஜெயித்திருக்கிறார். அவர் களவு செய்யவில்லை, சட்டப்படிதான் ஜெயித்தார்.

உன் பம்பாய் மில் தொழிலாளர் சங்கத் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் விழாவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து மறுபடி ஓட்டெடுப்பார்கள் என்று சித்திரையில் எழுதியிருந்தாய். வேலையற்றவர்கள் செய்கிற வேலை என்று பதில் போட்டேன், அதற்காக என்னை மன்னித்துக்கொள். மேல்சபைப் பட்டதாரித் தொகுதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு ஓட்டளிப்பதை நானே போய்ப் பார்த்து எழுதியவன். கடைசியில் நிற்கிறவரைக் கழித்து, அவருக்கு விழுந்த சீட்டுகளை அடுத்த எண்ணைப் பார்த்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அப்படி எண்ணியிருந்தால் நான் கழிந்துபோயிருப்பேன், வாத்தியார் ஜெயித்திருப்பார். எழுத்துத் தெரியாதவர்கள் எண் எப்படிப் போடுவார்கள் என்று கேட்கலாம், நியாயம்தான். உன் சங்கத்து வழிக்கு எழுத்து வேண்டாம், அடுத்த வாரம் இரண்டே சின்னத்தோடு இன்னொரு ஓட்டு, கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான். படித்தவனிடம் மட்டும் அடுத்தது யார் என்று கேட்கிறோம், ராக்காயியிடம் யாரும் கேட்பதில்லை. இத்தனை வருஷம் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பத்திரிகைக்கு நான் அனுப்பிய செய்தியிலும் வாக்குகள் பிரிந்ததால் என்று மட்டும் எழுதி, பிரித்தவன் பேரை விட்டுவிட்டேன். மூன்றாவது வேட்பாளர் யார் என்று ஆசிரியரிடமிருந்து கார்டு வந்திருக்கிறது. இதை எழுதி முடித்ததும் பதில் போட வேண்டும்.

உங்கள் சங்க விதியை ஒரு தாளில் எழுதி அனுப்பு, வாத்தியார் கேட்கிறார். மழைக்காலம், குழந்தைக்குக் கொதித்து ஆறிய தண்ணீரே கொடுங்கள். குடுமியான்மலை சாமி உங்கள் மூவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். கிணற்றுக்கு இடம் இன்னும் முடிவாகவில்லை, வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பஞ்சாயத்தின் முதல் கூட்டத்தில்தான் முடிவாகும். எனக்கு ஓட்டுப் போட்டவர்களை எல்லாம் அன்றைக்கு வாத்தியாரோடு வந்து நிற்கும்படி கேட்டிருக்கிறேன். நீங்க அவருக்குப் பின்னால நின்னா வாரேன், முன்னால நின்னா வரமாட்டேன் என்று ராக்காயி சொல்லியிருக்கிறாள். பின்னால்தான் நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா
அடைக்கலம்