சாயம் போன மூணு ஸ்பிரிங்

என்னங்க,

துப்பாக்கி சுடுற போட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. வீட்டைப் பூட்டிட்டு சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

என் துப்பாக்கியோட உதைப்பைத் தாங்குற ஸ்பிரிங் மூணுலயும் அடையாளத்துக்கு வச்ச நகப்பூச்சை அழுக்குன்னு நெனச்சு நீங்க தேய்ச்சு எடுத்ததுக்கு முந்தாநேத்து கத்திட்டேன். எது விறைப்பானது, எது லேசா அமுங்குறதுன்னு தெரியாமலே நேத்து மூணையும் மாத்தி மாத்திப் போட்டுச் சுட்டுப் பாத்தேன். ஒண்ணுல மட்டும் சுட்டதும் குறி தன் இடத்துக்கே வந்து நின்னுச்சு. காலைல மூணையும் சமையல் தராசுல அழுத்திப் பாத்தா, அதுதான் லேசானது! ஒரு மாசமா நீங்க போடச் சொல்லி நான் காதுலயே வாங்காத அதே ஸ்பிரிங்.

கோபம் போயிடுச்சு. மத்தியானம் போட்டி நடக்குற எடத்துக்கு வந்துடுங்க.

மீதி ரெண்டும் மேசை டப்பாவுல இருக்கு. கை வைக்காதீங்க!

பி.கு: ஜெயிச்சா, ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தது நான்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். பக்கத்துல நின்னு தலையாட்டுங்க.