பிளஸ் டூ பொறுக்கி

நீடாமங்கலம்,
12.1.2025

தம்பி ராஜராஜனுக்கு,

ஜெயபாரதி அக்கா எழுதுகிறேன். ஏதோ இருக்கிறோம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

உன் 'பிளஸ் டூ பொறுக்கி' படத்தை நேற்று மன்னார்குடியில் பார்த்தேன். 'நீடாமங்கலத்தில் நடந்த உண்மைக் கதை' என்று போஸ்டரில் போட்டிருந்தாயே, அதனால்தான் போனேன். உன்னோடு படித்த என் தம்பி நித்திஷ் பதினேழு வயதில் திருடியது ஒரே ஒரு பைக். அதற்கு ஆறு மாதம் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் கிடந்தான். உன் படத்து 'நித்தி' கர்ப்பிணியின் தாலியை அறுக்கிறான். கஞ்சாவைப் புகைத்துக்கொண்டே பெற்ற தாயை வயிற்றில் உதைக்கிறான். அந்தத் தாய்க்கு எங்கள் அம்மாவின் தாங்கித் தாங்கி நடக்கும் நடை. அவள் விழுந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. அம்மா போட்ட சோற்றைத் தின்றவன் நீ. எப்படியடா மனசு வந்தது?

ஜெயபாரதி

சென்னை,
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அம்மாவின் கால்வலி தேவலையா? கோபப்படாதீர்கள். பன்னிரண்டு நாளில் எடுத்த சின்னப் படம் அக்கா. அம்மாவை உதைத்தால்தான் ட்ரெய்லர் ஓடும் என்றார் தயாரிப்பாளர். கடைசி ஐந்து நிமிடத்தில் அவன் திருந்திவிடுகிறானே, அதைப் பார்த்தீர்களா? நித்திஷிடம் நானே பேசுகிறேன். அந்த பைக் விஷயமாக அவன் உங்களிடம் ஏதாவது சொன்னானா?

உங்கள் தம்பி,
ராஜா

நீடாமங்கலம்,
27.1.2025

ராஜராஜனுக்கு,

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று நித்திஷிடமே கேட்டேன். அறுவடை மிஷினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"வண்டிய கிளப்புனது ராஜாதான்க்கா. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். போலீஸ பாத்ததும் அவன் வாய்க்கால்ல எறங்கி ஓடிட்டான்."

"ஏண்டா அன்னைக்கே சொல்லல?"

"மறுநாள் அவனுக்குப் பரிட்சைல்ல."

"உனக்கும்தானடா?"

டீசல் மூடியைத் திருகினான்.

நித்திஷுக்குப் பேசியிருந்த வலங்கைமான் பெண்ணின் வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டு நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் அவன் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. 'அக்கா' என்று நீ எழுதியதைப் படித்தபோது, சாப்பாட்டில் பல்லியைக் கண்டதுபோல் இருந்தது. இனி அப்படி எழுதாதே.

அம்மாவுக்கு உன்னைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது. மாசி மகத்துக்கு ராஜா வருவானா என்று கேட்டாள். வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன்.

ஜெயபாரதி