வண்ணத்துப்பூச்சிக்கு எதற்கு வரைபடம்

திருகோணமலை,
புதன்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? போனில் கதைத்தால் விடுதிக்கார ஜெயரூபி அக்காவுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்ணத்துப்பூச்சி பார்க்கிற இருபது பேர் எங்கள் விடுதியில் கூடியிருக்கிறார்கள். விடியவே வலையும் கொப்பியுமாகத் துறைமுகப் பக்கத்துப் பற்றைகளுக்குள் இறங்குகிறார்கள். ஆனால் ஒரு பூச்சியையும் கொண்டுவருவதில்லை. பிடித்ததை விட்டுவிட்டு, கண்ட இடத்தைப் போன் வரைபடத்தில் குறிக்கிறார்கள்.

நேற்றுத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது அவர்களில் ஒரு மிஸ் பூச்சிப் படமொன்றைக் காட்டினார்.

"தங்கச்சி, இதைக் கண்டிருக்கிறீங்களோ?"

"ஓம் மிஸ், எங்கட கிணத்தடித் தேசி மரத்தில நிறைய வரும்."

உடனே ஊரைக் கேட்டு, வீட்டையும் வரைபடத்தில் காட்டச் சொன்னார். அன்பாகக் கேட்டார், நானும் தொட்டுக் காட்டிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். எங்கள் வளவுக்கு இன்னும் உறுதிப் பத்திரம் கிடைக்கவில்லையே. போன வருஷம் பக்கத்துக் காணியை எடுத்தவர்களும் முதலில் மரங்களைத்தான் விசாரித்தார்கள்.

ஜெயரூபி அக்காவிடம் சொன்னேன். "அதுகள் பூச்சி விசருகள். உன்ர வளவைக் கொண்டுபோய் என்னடி செய்யப்போகுதுகள்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டாம். படலையை மட்டும் பூட்டி வையுங்கள். என்னுடைய பழைய போர்வையையும் பஸ்ஸில் போட்டுவிடுங்கள், புதியதில் நித்திரை வருகுதில்லை.

அக்கா கூப்பிடுகிறார். யாராவது வலையோடு வந்தால், இங்கே தேசி மரமும் இல்லை, திருகோணமலையில் மகளும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
டிலக்சனா