சேராத ரத்தம்

இன்று மாலை மகள் ஆபீஸிலிருந்து வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. ரத்த தான முகாமாம். கிட்டே வந்ததும் ஸ்பிரிட் வாசனை அடித்தது. காபி போட எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் உன்னிடம் பேசுவதை நான் விடவில்லையடி.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில், நமக்குப் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். நீ சேக்காட்டிலிருந்து வந்து ஆவடியில் ரயில் ஏறி, திருமுல்லைவாயிலில் ஏறும் எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாய். அந்த இடத்துக்காக நீ போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இந்த மகள் பிறந்த அன்று எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எனக்கும் என் கணவருக்கும் ஒரே குரூப் என்பதால் முதலில் யாரும் பயப்படவில்லை. ஆனால் அவர் ரத்தத்தை என்னுடையதோடு கலந்து பார்த்தால் திரிதிரியாக ஒட்டிக்கொண்டதாம். கொழுந்தனுடையதும் அப்படியே. கம்பெனியிலிருந்து வந்த ஆண்களில் ஒருவருடையதும் சேரவில்லை.

"கட்டின புருஷன் ரத்தமே சேரலியே, இது இன்னா ஜாதகமோ!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாராம்.

ரத்தம் பரிசோதித்த லேப்காரர்தான் அவருக்கு விளக்கினாராம். மூத்தவன் பிறந்தபோது எனக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்த அந்நிய ரத்தத்தைப் பார்த்து என் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருந்ததாம்; ஒரே குரூப்பானாலும் அந்த ரத்தத்தின் சாயல் இருந்தால் அது சேரவிடாதாம். "எல்லாருக்கும் இது வராதும்மா, எங்கியோ சில பேருக்குத்தான். புள்ள பெத்தவங்க, ரத்தம் ஏத்திக்கினவங்ககிட்ட கொஞ்சம் ஜாஸ்தி பாக்கறோம். ஜாதகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இன்னும் ஆளுங்கள இட்டுகினு வாங்க, யாரோடதாவது சேரும்," என்றாராம்.

ஆண்கள் தீர்ந்துவிட்டார்கள். ரத்தம் என்றால் ஆண்களைத்தான் கூப்பிடுவது வழக்கம். பெண்களுக்கே ரத்தம் போதாது, அவர்களிடம் போய் எடுப்பதா என்பார்கள். நான் சாகக் கிடந்தபோதும் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் நம் செக்‌ஷன் பெண்களையெல்லாம் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாய்.

"பொம்பளைங்களா? ஆம்பளைங்க யாரும் கெடைக்கலியா?" என்று இழுத்தாராம் லேப்காரர்.

"புள்ள பெக்கறப்போ எவ்ளோ போவுது! அதுக்கெல்லாம் நாங்க செத்தா பூட்டோம்? எடு நைனா!" என்றாயாம். வார்டே திரும்பிப் பார்த்ததாகக் கணவர் சொன்னார்.

நீ ஈர்க்குச்சி. எடை தேறாது என்று மடியில் டிபன் பாக்ஸைச் செருகிக்கொண்டு மிஷினில் ஏறியதை நீயே பிறகு சொன்னாய். "தயிர் சாதத்தையும் சேத்துதாண்டி எட போட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிக்க வரவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வந்த பெண்களில் உன் ரத்தம் மட்டுந்தான் சேர்ந்தது. அது ஏறியபிறகுதான் எனக்குக் கண் திறந்தது. மகளை முதன்முதலாகப் பார்த்ததே அப்போதுதான். இவள் தாயோடு வளர்ந்தாள் என்றால் அது உன்னால். உயிரோடு இருந்தபோது இதைச் சொன்னால், "போடி, வேற வேல இல்ல ஒனக்கு" என்று வாயை அடைத்துவிடுவாய். இப்போது அடைக்க முடியாது, கேட்டுக்கொள்.

யாரோடும் ஒத்துப்போகாதவள் என்று என்னை மாமியார் சொல்வார். என் ரத்தமும் அதே குணம்தான் போலிருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எனக்கு எல்லார் ரத்தமும் சேராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் முட்டி ஆபரேஷன் பற்றிப் பேசப் போனபோதும் சொன்னேன்.

"முன்னாடி யாரோடதும்மா சேர்ந்தது?" என்று கேட்டாள் அந்தச் சின்ன வயசு டாக்டர்.

"என் சிநேகிதியோடது."

"அவங்கள வரச் சொல்ல முடியுமா?"

முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டேன்.

"அவ அப்பவே வந்துட்டாம்மா," என்றேன்.