வலிக்காத கால்

ஜனவரி 9

அன்புள்ள சகலைக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதே. என் தெருவும் நான் தபால் கொடுக்கும் பீட்டில்தான் வருகிறது. திரும்பி வந்தால் அதையும் நானேதான் சுமந்து வந்து என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

முப்பத்தொரு வருஷமாக ஊரார் கடிதத்தைச் சுமந்தவன், சொந்தமாக ஒன்று எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. போன் பண்ணியிருக்கலாம். போனில் எனக்கு நாக்கு நீண்டுவிடும். கடிதம் என்றால் அடித்துத் திருத்தலாம். மாமனார் வீட்டில் அன்று நான் பேசிய பேச்சுக்கு அப்புறம் ஆறு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. அதைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. இது வேறு காரியம்.

குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போகிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது கதவு, அதில் பாதி மாடி வீடு. ஓய்வு பெற இன்னும் இருபது மாதம். கடைசி நாள் வரைக்கும் என் தெருக்களை நடந்தே முடிக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

"கால் ஆஸ்பத்திரில வேலை பாக்குற மனுஷன் குடும்பத்துலயே இருக்கார். நீங்க தைலத்தத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று உன் அண்ணி தினமும் பிடுங்கி எடுக்கிறாள். கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். பதில் போடு.

இப்படிக்கு,
உன் சகலை (இன்னும் அப்படித்தான் என்று நம்புகிறேன்)


ஜனவரி 20

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை எட்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். அன்று நான் பரிமாறக் கரண்டியை எடுத்ததும், "அழுகின காலத் தொடுற கை. பரிமாற வேற ஆளே இல்லையா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டீர்கள். நான் மறக்கவில்லை. ஆனால் அதற்கு உங்கள் குதிகால் என்ன பண்ணும்?

குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் உள்ளங்காலில் ஒரு தசைநார் ஓடுகிறது. நடந்து நடந்து அது குதிகாலில் பிடித்திருக்கும் இடத்தில் புண்பட்டிருக்கிறது. தூங்கும்போது சுருங்கிக் கிடப்பதால் முதல் அடியில் அப்படி இழுக்கிறது. நடக்கிறவர்களுக்கும் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கும் சகஜமாக வருவதுதான். கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, முட்டியை மடக்காமல் உங்கள் பக்கம் இழுத்து முப்பது எண்ணுங்கள். மூன்று தடவை. சுவரைத் தள்ளுகிற மாதிரி நின்று கெண்டைக்காலையும் நீட்டிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, சாயங்காலம் பாதத்துக்கு அடியில் பத்து நிமிஷம் உருட்டுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

அதோடு, சாயங்காலம் கால் சற்று உப்பியிருக்கும்போது ஒரு காகிதத்தின் மேல் நின்று, அண்ணியை விட்டு இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். ஷூவையும் தனியாக வரைந்து அனுப்புங்கள். பிறகு கண்ணை மூடிப் படுங்கள். அண்ணி இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை லேசாகத் தொடட்டும். மொத்தம் ஆறு. எத்தனை தெரிந்தது என்று எழுதுங்கள். சர்க்கரை உண்டா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சகலை


பிப்ரவரி 3

அன்புள்ள சகலைக்கு,

நீ பதில் போட்டதே எனக்குப் பாதி வைத்தியம். பை அடுக்கும்போதே உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். வேலை நேரத்தில் சொந்தக் கடிதம் படிக்கக் கூடாது என்பது சட்டம். கழிப்பறைக்குள் போய்ப் படித்தேன்.

துண்டு இழுக்க ஆரம்பித்துவிட்டேன். "விடிஞ்சதும் யாரு கூடக் கயிறு இழுக்குறீங்க?" என்று உன் அண்ணி சிரிக்கிறாள். சிரிக்கட்டும், முதல் அடி இப்போதே கொஞ்சம் லேசாக இருக்கிறது.

இத்துடன் என் கால்களை அனுப்பியிருக்கிறேன். தபாலில் சொந்தக் காலை அனுப்பினவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மடிக்காதீர் என்று உறை மேல் எழுதியிருக்கிறேன். எப்படியும் மடித்திருப்பார்கள், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? சுண்டுவிரலில் ஒரு கால் ஆணி இருக்கிறது. அதை நானே பிளேடால் சீவிக்கொள்வேன், வலிப்பதில்லை. சர்க்கரை பத்து வருஷத்துக்கு முன்னால் கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். மாத்திரை ஞாபகம் வந்த அன்று போடுவேன்.

தொட்டுப் பார்க்கச் சொன்னாயே, அதில்தான் வீட்டில் பெரிய சண்டை. அவள் மூன்று தடவைதான் தொட்டாள். ஆறு தடவை தொட்டேன் என்று அடித்துச் சொல்கிறாள். "நான் எதுக்குப் பொய் சொல்லணும்? உங்களுக்குப் பிடிவாதம்" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கணக்கு வராது. நீ மூன்று என்று எழுதிக்கொள்.

அன்புடன்,
சகலை


பிப்ரவரி 8

அண்ணனுக்கு,

அண்ணி ஆறு தடவைதான் தொட்டிருக்கிறார். முதலில் போய் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். குதிகால் வலிக்கிறதே என்பீர்கள். வலிக்கிற இடத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அண்ணா. வலி தெரியாத இடத்தைப் பற்றித்தான் கவலை.

ஆகவே உறைந்த பாட்டிலை நிறுத்திவிடுங்கள். சூடோ குளிரோ அளவு மீறினால் உங்கள் காலுக்குத் தெரியாது. வெந்நீரில் காலை வைக்காதீர்கள். பிளேடைத் தூக்கிப் போடுங்கள். ஆணி வந்ததற்குக் காரணம் உங்கள் ஷூ. அதன் படத்தைப் பாதத்தின் படத்துமேல் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் முழுக்க ஷூவுக்கு வெளியே நிற்கிறது! அகலமாக ஒரு ஜோடி செய்யச் சொல்லியிருக்கிறேன், பார்சலில் வரும். மாட்டுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். மாத்திரை தினமும்.

ஒரு முறை நேரில் வாருங்கள். ரயிலில் ஆறு மணி நேரம்தான்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 21

என் அருமைச் சகலைக்கு,

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. குதிகால் வலி போன இடம் தெரியவில்லை. கட்டிலிலிருந்து ராஜா மாதிரி இறங்குகிறேன். நீ அனுப்பிய ஷூவைப் பார்த்து ஆபீசே பொறாமைப்படுகிறது. ஆணியும் உதிர்ந்துவிட்டது. உன் அண்ணியிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

உன் வைத்தியத்தின் மகிமையைக் கேள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தேன், இல்லை. யானைக்கும் அடி சறுக்கும். இடது கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. ஆனால் வலி? துளி இல்லை! ஞாயிறு ஒரு நாள் காலைத் தூக்கி வைத்தேன், கிரேப் பேண்டேஜைச் சுற்றினேன், மறுநாளே பீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. முன்பெல்லாம் சுளுக்கினால் ஒரு வாரம் முனகுவேன். இப்போது இரும்புக் கால். எல்லாம் நீ கொடுத்தது.

வீக்கம்தான் வடிய மாட்டேன் என்கிறது. இடது ஷூ இறுக்குகிறது. அடுத்த ஜோடிக்காகப் புதிதாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். நேரில் வருவதற்கு இப்போது என்ன அவசியம்? வெயில் காலம் முடியட்டும்.

நிறைந்த நன்றியுடன்,
உன் சகலை


ஏப்ரல் 24

அண்ணா,

இந்தக் கடிதத்துக்கு முன்பே அண்ணிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். நீங்கள் பீட்டில் இருந்தீர்கள். அண்ணி ஆபீசுக்கு ஓடியிருப்பார். இருந்தாலும் எழுதுகிறேன். போனில் கேட்டதை நீங்கள் வாதம் பண்ணித் தள்ளிவிடுவீர்கள், எழுத்தில் இருந்தால் திரும்பப் படிப்பீர்கள்.

இடது காலைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு அடிகூட.

பிப்ரவரிப் படத்தையும் இந்தப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலது கால் கோடு மாறாமல் பொருந்துகிறது. இடது கால் ஒரு விரல் அகலம் கூடியிருக்கிறது. உள்பக்கம் வளைந்திருந்த இடம் நேராகிவிட்டது. அது வீக்கம் மட்டும் இல்லை. உள்ளே எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கிறது என்று பயப்படுகிறேன். வேறு யாராவது இருந்தால் வலியில் அலறி உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு வலி தெரியாததால் அதன்மேலேயே மூன்று வாரம் படியேறியிருக்கிறீர்கள். அண்ணியை விட்டு இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடது சூடாக இருக்கும்.

நீங்கள் நன்றி சொன்ன கடிதத்தைப் போல என்னைப் பயமுறுத்திய கடிதம் எனக்கு இதுவரை வந்ததில்லை. பிப்ரவரியிலேயே நான் வந்து உங்களை இழுத்து வந்திருக்க வேண்டும். கௌரவம் எனக்கும் இருந்தது.

ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ எது கிடைத்தாலும் சரி, அடுத்த ரயிலிலேயே வாருங்கள். ஸ்டேஷனில் நிற்பேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

கட்டைப் பிரித்துப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இன்னும் இரண்டு வாரம் நடந்திருந்தால் கால் நிலைக்கிறது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னதை உன் அண்ணி தினமும் ஒரு தடவை எனக்கு ஒப்பிக்கிறாள்.

பதினாலு வாரக் கட்டு. அதில் முதல் ஒன்பது நாள் உன் வீட்டிலேயே இருந்தேன். கொழுந்தியாள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். அப்போது உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். டிரெஸ்ஸிங் அறையில் நீ என் காலை உன் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துடைத்து, பஞ்சு சுற்றிக் கட்டுப் போட்டாய். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் காலின் நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அவரிடம் அவர் பேத்தி பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கையைத்தான் நான் சபை நடுவில் அப்படிச் சொன்னேன். கொட்டின வார்த்தையை அள்ள முடியாது. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

இனி ஒரு சின்ன உதவி. ஆபீசில் தகுதிச் சான்று கேட்கிறார்கள். நடக்கத் தடையில்லை என்று டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும், என் பீட் எனக்கே திரும்பி வரும். பாக்கி பதின்மூன்று மாதம். நீ சொன்னால் அவர் கேட்பார். இதை மட்டும் செய்து கொடு.

அன்புடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் அவளிடம் கொடுத்துவிட்டேன், மீதியை அவளே படித்தாள். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் கையைப் பற்றி இப்படி யாரும் எழுதியதில்லை. என் மனதில் இனி ஒன்றும் இல்லை.

இரண்டாவது பக்கத்துக்குப் பதில்: முடியாது. டாக்டர் என் குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுவார். வீட்டுக்குள்ளும் பக்கத்துத் தெரு வரைக்கும் நடக்கலாம், படியும் சுமையும் கூடாது என்று எழுதியிருக்கிறேன். எலும்பு கூடியிருக்கிறது, நரம்பு திரும்பவில்லை. மறுபடி நொறுங்கினால் உங்களுக்குத் தெரியாது, எனக்கும் காகிதத்தில் தெரியாமல் போகலாம். உங்களுக்கு அந்தத் தெருக்கள் என்ன என்று தெரிந்துதான் மறுக்கிறேன். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள்.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாக உனக்குப் பதில் போடாமல் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தேன். கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

இப்போது கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற அறையில் எனக்கு ஒரு நாற்காலி. என் பீட்டை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். "அண்ணே, நாலாவது மாடி அம்மா உங்களத்தான் கேக்குறாங்க. என் கையால லெட்டரே வாங்க மாட்டேங்குறாங்க" என்று அவள் வந்து சொன்ன அன்று எனக்கு அற்ப சந்தோஷம்.

போன திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஷூவைக் கழற்றச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லிப் பதினேழு பேர் விரலைத் தொட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பதினாறு பேர் ஆறு என்றார்கள். எக்ஸ்பிரஸ் மட்டும் இரண்டு என்றான். எங்களில் அவன்தான் வேகமாக நடப்பவன், அதனால் அந்தப் பெயர். சர்க்கரையும் உண்டு. இடது பாதம் வீங்கி, புறங்கையை வைத்தால் சுடுகிறது. "வலிக்கவே இல்லையே, அப்புறம் என்ன?" என்கிறான்.

ஓரமாகக் கூட்டிப் போய் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அங்க உன் சகலைதானே இருக்காரு? எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு வரி எழுதி வாங்கிக் குடு. பீட்ட விட்டா நான் செத்துருவேன்" என்றான். என் கடிதத்தை எனக்கே யாரோ வாசித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. மாட்டேன் என்றேன். போஸ்ட்மாஸ்டரிடம் நானே போய்ச் சொல்லி அவனை உட்கார வைத்தேன். "தன் கால் போச்சுன்னு அடுத்தவன் கால் மேல இவனுக்குப் பொறாமை" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னான். பதினெட்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான். எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. நாக்கை அடக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஷூவுக்கும் கட்டுக்கும் உனக்கு நன்றி சொல்லிவிட்டேன். நீ எழுத மறுத்த அந்த ஒரு வரிக்குச் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த அண்ணன் மறுபடி போய்விடுவான் என்று தெரிந்தும் நீ எழுதவில்லை. எனக்கு இரண்டு காலும் இருப்பது அதனால்தான். நன்றி, தம்பி.

எக்ஸ்பிரஸை அவன் மனைவி வியாழக்கிழமை அங்கே கூட்டி வருகிறாள். அவன் என்னோடு உட்கார மாட்டான், அதனால் நான் அதே ரயிலில் வேறு பெட்டியில் வருகிறேன். உன்னையும் திட்டுவான். திட்டட்டும், கட்டுப் போடாமல் மட்டும் அவனை அனுப்பாதே.

அன்புடன்,
அண்ணன்