இருபதாவது வளைவு

அன்புள்ள டாக்டர்,

சேலத்தில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் பழைய சிறுநீரகக் கல் மறுபடியும் வேலையைக் காட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு வந்தாள். அந்த வாசனையோடு ஏற்காடு நினைவில் வந்தது, பின்னாலேயே நீங்களும் வந்தீர்கள். புரண்டு படுக்கச் சொன்னாள். நான் புரளவில்லை.

"இதுல என்னம்மா இருக்குது?"

"வலிக்கு ஊசிங்கய்யா. பின்ன தண்ணியா இருக்கும்?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் காலமாகிவிட்டதாகச் செய்தி வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அப்போது நான் எதுவும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளில் மலை மேல் அந்தச் சிறிய மருத்துவமனைக்கு நீங்கள் வந்து சேர்ந்த புதிதில், மாலையில் ஏரியைச் சுற்றி நடப்போம். கல் வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பற்றியே பேசுவீர்கள். பழைய ஊசி வலியை அமுக்கும், ஆனால் வாந்தியும் கிறக்கமும் வரும். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, எது மேல் என்று பார்த்துவிட வேண்டும் என்பீர்கள். உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

"எவ்வளவு வலிக்குதுன்னு கேட்டா, நொம்ப வலிக்குதுங்கறாங்க. இல்லீன்னா பரவால்லீங்கறாங்க. இதை வெச்சுட்டு நான் எதைங்க வாத்தியாரே கணக்குப் பண்றது?"

வகுப்பில் எதற்கும் ஒரு உதாரணம் தேடுகிறவன் நான். உடனே சொன்னேன்: "மலைப்பாதையை வெச்சுக் கேளுங்க. அடிவாரம்னா வலியே இல்லை. உச்சியில இருக்கற இருபதாவது வளைவுன்னா தாங்கவே முடியாத வலி. இப்ப எந்த வளைவுல நிக்கறீங்கன்னு கேட்டா, பஸ் ஏறின யாரும் சொல்லிருவாங்க."

நடுரோட்டில் நின்று என் முதுகில் ஓங்கித் தட்டினீர்கள். "வாத்தியார் மூளைன்னா மூளைதானுங்க!" வீட்டில் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுகூட அந்த இடம் சூடாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. வருகிறவர்களில் பாதிப்பேர் என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். என்ன ஊசி போடுகிறார்கள் என்று என்னிடம்தான் கேட்பார்கள். என்ன சொல்லட்டும் என்று உங்களிடமே கேட்டேன். "பாதிப்பேருக்குப் பழசு, பாதிப்பேருக்குப் புதுசு. ரெண்டும் நல்ல மருந்துன்னு தைரியமாச் சொல்லுங்க" என்றீர்கள்.

சொன்னேன். தலைச்சோலை கிராமத்துச் சடையன் தன் மனைவி பொன்னம்மாளைக் கூட்டி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

"ஏனுங்க சார், எது போட்டாலும் மருந்துதானுங்களே?"

"மருந்துதான் சடையா. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. அவ்வளவுதான்."

அவர் அதற்கு மேல் உங்களைக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஊசி போட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, எந்த வளைவு என்று கேட்டீர்கள். "அங்கியேதானுங்க நிக்குது" என்றார் அம்மாள். "டிரைவர் டீ குடிக்க எறங்கிட்டானாட்ட இருக்குதுங்க" என்றார் சடையன். "உனக்கு வந்திருக்கோணும், அப்பத் தெரியும்" என்று பல்லைக் கடித்தார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அரை மணி கழித்து நீங்கள் இன்னொரு ஊசி போட்ட பிறகுதான் அவர் கை கம்பியை விட்டது.

அடுத்த பருவத்தில் என் முறை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பில் தூக்கி வந்தார்கள். ஊசி போட்டீர்கள். "எந்த வளைவுங்க வாத்தியாரே?" இருபது. மறுபடி கேட்டீர்கள். இருபதுதான். "பொறுங்க, இப்ப எறங்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் நம்பினேன். ஊசிக்காக அல்ல, அந்தக் கைக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். இரண்டாவது ஊசிக்குத்தான் வலி இறங்கியது.

கல் இறங்கி நான் தேறிய பிறகு, ஏரிக்கரையில் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னீர்கள். "உங்களுக்கு முதல்ல போட்டது வெறும் தண்ணிங்க. தண்ணி ஊசிக்கே எறங்கிருச்சுன்னு எத்தனை பேரு சொல்லீருக்காங்க தெரியுங்களா? நீங்க அசையவே இல்லையே! உங்களை மாதிரி ஆளு கெடைக்கறது அபூர்வம்."

பாராட்டு அது. நான் கேட்டேன்:

"பொன்னம்மாளுக்கு?"

"அவங்களுக்கும் அதுதான். தண்ணிக்கு எவ்வளவு எறங்குதுன்னு தெரியாம, மருந்துக்கு எவ்வளவுன்னு எப்படிங்க சொல்றது?"

உங்கள் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை, டாக்டர். காப்பிக்கொட்டையை எடை போடுகிறவன் காலிச் சாக்கையும் எடை போட்டுத்தான் ஆக வேண்டும். வகுப்பாக இருந்தால் நானே இந்த உதாரணத்தைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சாக்கிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாங்கள் சாக்கு இல்லையே. மூன்று பேரில் ஒருவருக்குத் தண்ணீர், அரை மணி பொறுக்க முடியுமா என்று கேட்டிருந்தால், உங்களுக்காக நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காததோடு விடாமல், என் வாயாலேயே ஊருக்குப் பொய்யும் சொல்ல வைத்தீர்கள்.

தலைச்சோலைக்கு வந்து நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். "சொன்னா அவங்களுக்குப் புரியுங்களா வாத்தியாரே?" என்றீர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சுளையை வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனிடம் கேட்ட கேள்வி அது. அன்றோடு நம் நடை நின்றது.

தனியாகத்தான் போனேன். சடையன் முழுவதும் கேட்டார். "உங்களுக்கும் தண்ணிதானுங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். "ஊட்டுக்குள்ள வாங்க" என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் 'ஏனுங்க சார்' என்று எதையும் கேட்டதில்லை. மகனை அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றுகூட வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொன்னம்மாளுக்கு மறுபடியும் வலி வந்தது. உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. அவர்கள் இறங்கவில்லை. அந்த வலியோடு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேலம் வரைக்கும் போயிருக்கிறார்கள். உதாரணத்துக்காக நான் சொன்ன அத்தனை வளைவுகளிலும், ஒவ்வொரு திருப்பத்திலும், அந்த அம்மாள் உடம்போடு இறங்கியிருக்கிறார்.

போன வாரம் அந்த நர்ஸ் பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு மருந்துக் குப்பியை என் கண்ணுக்கு நேரே பிடித்துப் பெயரைப் படித்துக் காட்டினாள். நீங்கள் சோதித்த அதே புது ஊசி. இப்போது அது பழசு. எல்லோருக்கும் போடுகிறார்களாம். புரண்டு படுத்தேன். பத்தொன்பது, பதினைந்து, பத்து என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வரை இறங்கிவிட்டது. நீங்கள் சொன்னது சரிதான், டாக்டர், நல்ல மருந்து.

குப்பியில் இருந்த பெயரை எனக்குச் சொல்லி முடிக்க அவளுக்கு, ஊசியில் மருந்தை இழுக்கிற நேரம்கூட ஆகவில்லை.